1988 ஓரியோல்ஸை எடுத்தேன், 4-16: பொறுப்பதா, விற்பதா?

பறவைக்கூண்டு

ஓஓடிபி-யில் (அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால், பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டு) 1988 சீசனைத் திறந்து பால்டிமோர் ஓரியோல்ஸை நடத்திக்கொண்டிருக்கிறேன். நிஜத்தில் முதல் 21 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்ற அதே அணிதான், தெரிந்தேதான் எடுத்தேன். கால் ரிப்கன் ஜூனியர், எடி மரே என்று பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் போன இரண்டு பேர் நடுவரிசையில் இருக்கும்போது எவ்வளவு மோசமாகிவிடும் என்ற தைரியம்.

20 ஆட்டம் முடிந்திருக்கிறது. 4 வெற்றி, 16 தோல்வி. அடித்த ரன் 58, கொடுத்த ரன் 104.

செட்டிங் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் நிஜப் புள்ளிவிவரத்தை வைத்துத் திறனை மறுகணக்குப் போடும் வசதியை அணைத்துவிட்டேன். வீரர்கள் வளர்வதும் தேய்வதும் விளையாட்டின் கையில். ட்ரேடில், அதாவது வீரர்களை மாற்றிக்கொள்வதில், கணினி அணிகள் கறாராகப் பேரம் பேசும். காயங்கள் உண்டு. ரோஸ்டர் (அணிப் பட்டியல்) அந்தக் காலத்து வழக்கப்படி 24 பேர்.

லாரி ஷீட்ஸ் 1987-இல் 31 ஹோம் ரன் அடித்தவர், என்னிடம் பேட்டிங் சராசரி .190-இல் நிற்கிறார். பில்லி ரிப்கன் அதற்கும் கீழே. பேட்டிங் வரிசையைத் தினமும் கலைத்துப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் அசையவில்லை. முதலாளியின் திருப்தி அளவு வேறு இறங்கிக்கொண்டே போகிறது. பொறுமையாக இருப்பதா, ஆட்களை மாற்றுவதா, மரேயை இப்போதே விற்றுவிடுவதா? சொல்லுங்கள்.

புல்பென்பூனை

நிஜ அணியைவிட நாலு வெற்றி முன்னால் இருக்கிறீர்கள் தல. இந்த வேகத்தில் போனால் உங்களுக்குச் சிலை வைப்பார்கள்.

ரன்கணக்கு

முதலில் இது துரதிர்ஷ்டமா, நிஜமாகவே மோசமான அணியா என்று பார்த்துவிடலாம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸின் பழைய சூத்திரமே போதும். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 58-இன் வர்க்கம் 3364, 104-இன் வர்க்கம் 10816. வகுத்தால் .237 வருகிறது. 20 ஆட்டத்துக்கு 4.7 வெற்றி. நீங்கள் 4 வென்றிருக்கிறீர்கள். ஆக, கடைசி இன்னிங்ஸில் கைநழுவிய ஆட்டங்கள்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தோற்ற ஆட்டங்களில் நன்றாகவே தோற்றிருக்கிறீர்கள்.

ஆனால் அந்த 58-உம் 104-உம் கூட இருபதே ஆட்டத்துச் சரக்கு என்பதை மறக்க வேண்டாம். சரிபாதி ஆட்டங்களை வெல்லக்கூடிய அணி 20 ஆட்டத்தில் 4 அல்லது அதற்குக் குறைவாக வெல்வது ஆயிரத்துக்கு ஆறு தடவைதான் நடக்கும். பத்துக்கு நாலு வெல்லக்கூடிய அணிக்கோ நூற்றுக்கு ஐந்து தடவை நடக்கும். இரண்டாவது உங்கள் கதைக்குப் பொருந்துகிறது.

வெற்றி விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அணியின் உண்மையான தரத்தை ஊகிக்க ஒரு கைக்கணக்கு உண்டு. ஏற்கெனவே எதிர்பார்த்த விகிதத்தில் சுமார் 70 ஆட்டத்தைச் சேர்த்துக் கலக்க வேண்டும். 1987 ஓரியோல்ஸ் 67-95, அதாவது .414. 70 ஆட்டத்துக்கு 29 வெற்றி. உங்கள் 4 சேர்த்தால் 90-க்கு 33, அதாவது .367. மீதி 142 ஆட்டத்தில் 52 வரும். மொத்தம் 56 வெற்றி. நிஜ அணி 54-107 என்று முடித்தது.

சந்தேகசிகாமணி

கணக்கு அழகாக வந்துவிட்டது என்பதற்காகவே எனக்குச் சந்தேகம் வருகிறது. கைக்கணக்கில் கலக்க வேண்டியது லீக் சராசரியான .500. நீங்கள் 1987 விகிதத்தைக் கலந்திருக்கிறீர்கள். .500 போட்டால் 90-க்கு 39, .433 வரும். மீதியில் 61 வென்று 65-இல் முடிப்பார்கள். அப்படியென்றால் சீசன் இன்னும் முழுக்கச் செத்துவிடவில்லை.

ரன்கணக்கு

அணியைப் பற்றி ஒன்றுமே தெரியாதென்றால் .500 சரி. இவர்களைப் பற்றித் தெரியுமே. முந்தைய வருடம் 226 ஹோம் ரன் கொடுத்த பிட்சிங் (பந்துவீச்சு) இது, அப்போது அதுதான் லீக் சாதனை. அதே ஆட்களில் பாதிப் பேர் மறுபடி வந்து நிற்கிறார்கள். போகட்டும், 56 ஆனாலும் 65 ஆனாலும் 1988-இல் அந்த டிவிஷனை (லீக்கில் ஓரியோல்ஸ் இருந்த பிரிவை) பாஸ்டன் 89 வெற்றியோடு ஜெயித்தது. முடிவு ஒன்றுதான்.

மெமோரியல்33

அந்த வசந்தத்தில் நான் பால்டிமோரில் மாணவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 4-ஆம் தேதி சொந்த மைதானத்தில் தொடக்க ஆட்டம், மில்வாக்கியிடம் 12-0. ஆறு ஆட்டம் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை நீக்கிவிட்டார்கள். இரண்டு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போது! ஃபிராங்க் ராபின்சன் வந்தார். வந்தவர் வரிசையாக இன்னும் 15 தோற்றார். ஊர் வானொலியில் ஓர் அறிவிப்பாளர், அணி ஜெயிக்கும் வரை ஒலிபரப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்து 258 மணி நேரம் ஓட்டினார். ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் ஒயிட் சாக்ஸை 9-0 என்று அடித்தபோதுதான் அவருக்கு விடுதலை.

அதற்கப்புறம் இரண்டு தோற்று 1-23 என்ற நிலையில் ஊர் திரும்பினார்கள். மே 2, திங்கட்கிழமை இரவு. மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்த கூட்டம் 50,402. புது மைதானத்துக்கான ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் அறிவித்தார்கள், 1992-இல் திறந்த கேம்டன் யார்ட்ஸ் அதுதான். முதலாளி எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ் அந்த ஆகஸ்டிலேயே காலமானார், மைதானத்தைப் பார்க்கவில்லை.

தம்பி பறவைக்கூண்டு கேட்டதற்கு என் பதில் இதில் இருக்கிறது. 0-21-க்குப் பிறகு அந்த அணி 54-86. விகிதம் .386. ஆக ஏப்ரலில் தெரிந்த அளவுக்கு மோசமும் இல்லை, ஏப்ரலை மறந்துவிடும் அளவுக்கு நல்ல அணியும் இல்லை. இப்படிப்பட்ட அணியை ஏப்ரலில் காப்பாற்றப் போகக் கூடாது.

பறவைக்கூண்டு

நன்றி சார். ஆனால் மேனேஜரை மாற்றுவது வேலை செய்த உதாரணங்களும் உண்டே? 2003 மார்லின்ஸ் 16-22-இல் மாற்றினார்கள், 72 வயது ஜாக் மெக்கீன் வந்து உலகத் தொடரையே வாங்கிக் கொடுத்தார். 2022 ஃபிலீஸ் 22-29-இல் ஜோ ஜிரார்டியை அனுப்பிவிட்டு உலகத் தொடர் வரை போனார்கள்.

மெமோரியல்33

இரண்டிலும் உள்ளே இருந்த ஆட்களைப் பாருங்கள். 2003 மார்லின்ஸில் ஜாஷ் பெக்கெட், இவான் ரோட்ரிகஸ். 2022 ஃபிலீஸில் பிரைஸ் ஹார்ப்பர், ஜாக் வீலர், கைல் ஷ்வார்பர். நல்ல அணி மோசமாக ஆடிக்கொண்டிருந்தது, அது திரும்பும் நேரத்தில் புது ஆள் வந்தார். 2019 நேஷனல்ஸ் 19-31-இல் இருந்தார்கள், டேவ் மார்ட்டினஸை யாரும் தொடவில்லை, அவர்களும் சாம்பியன்தான். 2024 ஒயிட் சாக்ஸைப் பாருங்கள். நம் ஓரியோல்ஸின் அமெரிக்கன் லீக் சாதனையைத் தொட்டு 21 தொடர் தோல்வி, அப்புறம் மேனேஜர் நீக்கம், முடிவு 41-121. மேனேஜரை மாற்றுவது பத்திரிகைக்குச் செய்தி தரும், அவ்வளவுதான்.

புல்பென்பூனை

ஓஓடிபி-யில் நாம்தான் மேனேஜர். நம்மையே நாம் நீக்கிக்கொள்ள பட்டன் இருக்கிறதா?

பறவைக்கூண்டு

ராஜினாமா பட்டன் இருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரன்கணக்கு

அதை அழுத்தும் முன் ஷீட்ஸ் விஷயத்துக்கு வருவோம். பேட்டிங் சராசரியை மூடி வைத்துவிட்டு மூன்றே எண்களைப் பாருங்கள்: ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதம், வாக் (நாலு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) விகிதம், களத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயிற்று என்ற விகிதம். முதல் இரண்டும் சீக்கிரம் நிலைப்படும். மூன்றாவது லீக்கில் .300-ஐ ஒட்டி இருக்கும், நிலைப்பட ஒரு சீசனுக்கு மேல் ஆகும். ஒருவருக்கு ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் பழையபடியே இருந்து மூன்றாவது மட்டும் .200 என்றால் விட்டுவிடுங்கள், தானே வரும். ஸ்ட்ரைக்அவுட் ஏறி, வாக் இறங்கி, ஹோம் ரன்னும் இல்லையென்றால் ஆள் தேய்ந்துகொண்டிருக்கிறார்.

பேட்டிங் வரிசையைக் கலைப்பதை நிறுத்துங்கள். மிகச் சிறந்த வரிசைக்கும் சுமாரான வரிசைக்கும் சீசன் முழுக்கச் சேர்த்து சுமார் பத்து, பதினைந்து ரன்தான் வித்தியாசம். பத்து ரன் என்பது ஒரு வெற்றி. நாள்தோறும் அதில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மைனர் லீக் (நம் கீழ்நிலை அணிகள்) பட்டியலை ஒருமுறை முழுக்கப் படிக்கலாம்.

பறவைக்கூண்டு

பார்த்தேன். ஷீட்ஸுக்கு அந்த மூன்றாவது விகிதம் .211, ஸ்ட்ரைக்அவுட் வழக்கம்போல. பில்லிக்கு எல்லாமே தரைமட்டம்.

சந்தேகசிகாமணி

ஷீட்ஸ் திரும்பி வருவார், ஆனால் 31 ஹோம் ரன்னுக்கு வர மாட்டார். 1987 ஒரு விசித்திர வருடம். லீக் முழுக்க ஹோம் ரன் கொட்டியது, பந்தையே மாற்றிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. 1988-இல் எல்லாம் அடங்கிவிட்டது. நிஜ ஷீட்ஸ் அந்த வருடம் 10 ஹோம் ரன், .230. நிஜ பில்லி ரிப்கன் .308-இலிருந்து .207-க்கு விழுந்தார். ஓஓடிபி வரலாற்று சீசன்களில் லீக்கின் மொத்த அளவுகளை அந்தந்த வருடத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளும். ஆகவே 1987-ஐ மனதில் வைத்து இவர்களை எடைபோட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

புல்பென்பூனை

சரி, ரிப்கன் ஜூனியருக்கு ஓய்வு கொடுப்பீர்களா? களைப்பு அளவு சிவப்புக்குப் போயிருக்குமே.

பறவைக்கூண்டு

போய்விட்டது. அதுவும் ஒரு பிரச்சினை. ஒரு ஆட்டமும் விடாமல் ஆடும் அவருடைய தொடர்ச்சி 1982 மே 30-இல் ஆரம்பித்தது, 2,632 ஆட்டம் வரை போகும் என்று எனக்குத் தெரியும். கை நடுங்குகிறது.

ரன்கணக்கு

உட்கார வையுங்கள். அவரைப் போன்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) களைத்துப்போனால் பேட்டிங்கும் போகும், ஃபீல்டிங்கும் போகும், காயத்துக்கான வாய்ப்பும் ஏறும். இது சிமுலேஷன்.

மெமோரியல்33

கூடாது. கூடவே கூடாது. இந்த அணியில் டிக்கெட் வாங்கிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது. வேண்டுமானால் அவருடைய அப்பா 1987 செப்டம்பரில் செய்ததைச் செய்யுங்கள். 8,243 இன்னிங்ஸ் தொடர்ச்சியாக ஆடியவரை ஒரு ஆட்டத்தின் கடைசியில் வெளியே எடுத்தார். இன்னிங்ஸ் தொடர்ச்சி போனது, ஆட்டத் தொடர்ச்சி போகவில்லை. தோற்பது உறுதியான ஆட்டங்களில் ஆறாவது இன்னிங்ஸில் எடுத்துவிடுங்கள். உங்கள் அணிக்கு அப்படிப்பட்ட ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை.

பறவைக்கூண்டு

இது பிடித்திருக்கிறது. அப்படியே செய்கிறேன்.

இப்போது பெரிய கேள்வி. மரேக்கு 32 வயது, பிரெட் லின்னுக்கு 36, மைக் போடிக்கருக்கு 30. மூவருக்கும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். யாரை, எப்போது?

மெமோரியல்33

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள், அதிலேயே பாடம் முழுவதும் இருக்கிறது.

பிட்சர் போடிக்கர் பால்டிமோரில் 6 வெற்றி, 12 தோல்வி. ஜூலை கடைசியில் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள், அங்கே 7-3 போட்டு டிவிஷனை ஜெயிக்க உதவினார். பதிலுக்கு வந்தவர்கள் பிரேடி ஆண்டர்சன், கர்ட் ஷில்லிங். லின்னை ஆகஸ்ட் 31 அன்று டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள். அவர் விமானம் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது, பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் நடக்கும் பட்டப் போட்டிகளில்) ஆடும் தகுதியே போயிற்று. டெட்ராய்ட்டும் பிளேஆஃபுக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ட்ரேடில் கிடைத்த கிறிஸ் ஹாய்ல்ஸ் பல வருடம் நல்ல கேட்சராக நின்றார்.

மரேயைத்தான் தாமதித்தார்கள். அவருக்கும் நிர்வாகத்துக்கும் கசப்பு வளர்ந்து, ஊருக்கே தெரிந்து, டிசம்பரில் டாட்ஜர்ஸுக்குப் போனார். வந்தது ஹுவான் பெல், பிரையன் ஹோல்டன், கென் ஹவல். அந்த வருடமும் 28 ஹோம் ரன் அடித்த ஆளுக்கு இது விலையா? ஹவலை உடனே ஃபிலீஸுக்குத் தள்ளி பில் பிராட்லியை வாங்கியதால் கொஞ்சம் ஈடானது. 1990-இல் மரே டாட்ஜர்ஸுக்கு .330 அடித்தார், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ரன்கணக்கு

ஏப்ரலில் யாருக்கும் அவசரம் இல்லை, அதனால் விலையும் இல்லை. ஜூலையில் மூன்று, நாலு அணிகள் ஒரே ஆளுக்கு அடித்துக்கொள்ளும். ஆனால் ஸ்டார்ட்டிங் பிட்சரைக் கையில் வைத்துக் காத்திருப்பது ஆபத்து, ஒரு தோள்பட்டை போனால் எல்லாம் போச்சு. என் வழி: பிட்சரை ஜூன் தொடக்கத்தில், பேட்டரை ஜூலை கடைசியில். லின்னைக் கிடைத்த விலைக்கு எப்போது வேண்டுமானாலும்.

சந்தேகசிகாமணி

ஒரு நேர்மைக் கேள்வி. பாஸ்டனிடம் பேசும்போது ஷில்லிங் என்று பெயர் சொல்லிக் கேட்கப்போகிறீர்களா? 21 வயது, மைனர் லீக். எதிர்காலம் தெரிந்தவன் சீட்டாட்டம் ஆடுவது போல் அல்லவா அது?

பறவைக்கூண்டு

மறுகணக்கை அணைத்துவிட்டதே அதற்காகத்தான். என் உலகத்தில் ஷில்லிங் யாராகவும் ஆகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம்.

சந்தேகசிகாமணி

ஆனால் ஆரம்பத் திறனிலேயே அவருடைய பிற்காலத்தின் சாயல் இருக்குமே. என் விதி இது: ஸ்கவுட் அறிக்கையில் அவர் பெயர் மேலே வந்தால்தான் கேட்பேன். பெயர் தெரிந்ததற்காகத் தேடிப்போய்க் கேட்க மாட்டேன்.

மெமோரியல்33

எதிர்காலம் தெரியாததால் நிஜ ஓரியோல்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? 1991 ஜனவரியில் அதே ஷில்லிங், ஸ்டீவ் ஃபின்லி, பீட் ஹார்னிஷ் மூவரையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்து கிளென் டேவிஸ் என்ற ஒரே ஆளை வாங்கினார்கள். டேவிஸ் காயத்திலேயே கிடந்தார். தம்பி தாராளமாகப் பெயர் சொல்லிக் கேட்கட்டும், எங்கள் ஊருக்குக் கடன் பாக்கி இருக்கிறது.

புல்பென்பூனை

சாரின் வயிறு இன்று ரொம்பவே எரிகிறது.

ரன்கணக்கு

விற்பது பாதி வேலைதான். மீதி ஆட்டங்களை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சுவாரசியம். 1989-இல் இதே அணி 87-75. டொராண்டோவுக்கு இரண்டே ஆட்டம் பின்னால், கடைசி வார இறுதி வரை போட்டியில் இருந்தது. 54-இலிருந்து 87. பெரிய விலைக்கு யாரையும் வாங்கவில்லை. ஃபின்லி, மைக் டெவரோ, ஆண்டர்சன் என்று அவுட்ஃபீல்டில் ஓடிப் பிடிக்கிற ஆட்கள். ஜெஃப் பல்லார்ட் யாரையும் ஸ்ட்ரைக்அவுட் ஆக்காமலே 18-8 போட்டார், அடித்ததையெல்லாம் பின்னால் நின்றவர்கள் பிடித்தார்கள். 1988 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) நாலாவதாக எடுத்த கிரெக் ஓல்சன் கடைசி இன்னிங்ஸை அடைத்து, அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். ஓக்லண்ட் கழற்றிவிட்ட மிக்கி டெட்டில்டனை 1988 ஏப்ரலில் சும்மா எடுத்தார்கள், 1989-இல் 26 ஹோம் ரன்.

ஆகவே உங்கள் பிட்சர்களை மாற்றுவதற்கு முன் அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களை மாற்றுங்கள். 104 ரன்னில் எவ்வளவு பிட்சருடையது, எவ்வளவு ஃபீல்டருடையது என்று பாருங்கள். அணியின் ஃபீல்டிங் பக்கத்தில் எதிரணிப் பந்துகள் எத்தனை சதவீதம் அவுட் ஆகின்றன என்று இருக்கும்.

பறவைக்கூண்டு

பார்த்தேன். லீக்கில் கடைசி. இடது அவுட்ஃபீல்டில் நிற்க வைத்திருப்பது டெசிக்னேட்டட் ஹிட்டராக (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்பவராக) ஆட வேண்டிய ஆள். மைனர் லீக்கில் அடிக்கத் தெரியாத, ஆனால் ஓடத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ரன்கணக்கு

கூட்டி வாருங்கள். ஷீட்ஸை டெசிக்னேட்டட் ஹிட்டராக்கி அவருக்கு ஜூன் வரை தினமும் ஆட்டம் கொடுங்கள், .211 ஏறும், யாராவது வாங்குவார்கள்.

மெமோரியல்33

பில்லியை என்ன செய்வதாக உத்தேசம்?

பறவைக்கூண்டு

செகண்ட் பேஸில் அவர் கை நன்றாக இருக்கிறது சார். ஒன்பதாவது இடத்தில் அடிக்கட்டும். அண்ணன் பக்கத்தில் நிற்பதால் அணியின் ஒற்றுமை அளவு அது ஒன்றுதான் பச்சையில் இருக்கிறது.

முதலாளி இந்த சீசனுக்கு இலக்காக வைத்திருப்பது ‘.500-ஐத் தாண்டுவது’. அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சந்தேகசிகாமணி

இலக்குகளில் ‘மைனர் லீக்கை வலுப்படுத்துவது’ மாதிரி நீண்டகால இலக்கு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதை நிறைவேற்றினால் இதன் அடி கொஞ்சம் குறையும். சம்பளப் பட்டியலைக் குறைத்தாலும் சில முதலாளிகள் சமாதானமாவார்கள். லின்னை முதலில் அனுப்புங்கள்.

பறவைக்கூண்டு

மே முதல் வாரம் வரை ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு ஓட்டக்காரர்களும் அவுட்ஃபீல்டில். 4-16 இப்போது 8-19. கடைசி ஏழில் கொடுத்த ரன் 24. முன்பு ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல், இப்போது மூன்றரை. ஏழே ஆட்டம்தான், ரன்கணக்கு திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போடிக்கருக்கு இரண்டு அணிகள் விசாரித்திருக்கின்றன. பாஸ்டன் ஒரு அவுட்ஃபீல்டர் மட்டும் தருகிறது, கூட ஒரு பிட்சர் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

ரன்கணக்கு

ஜூன் வரை கதவு சாத்தியே இருக்கட்டும். அவருடைய தோள்பட்டையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 100 பந்துக்கு மேல் வீச விடாதீர்கள்.